எந்தத் தோள்

வலது தோள் அவனுக்கு முன்பே விழித்துக்கொண்டது. எலும்பும் எலும்பும் சேருமிடத்தில் யாரோ சாக்குக் கொக்கியை மாட்டி உள்ளேயிருந்து நெம்பிக்கொண்டிருந்தார்கள். சுமைக்காரன் இடது கையை ஊன்றி எழுந்து, சுவரில் முதுகைக் கொடுத்து, வலது கையைத் தூக்கிப் பார்த்தான். மார்பு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரமாட்டேன் என்றது.

"இன்னிக்கும் போகப் போறியா?" என்றாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். விடியுமுன் கிளம்புகிறவள்.

"போகலன்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுருவான்."

மேஸ்திரி ஏற்கெனவே சொல்லியிருந்தான். "மாசக் கடைசிக்குள்ள தோள் சரியாச்சுன்னா வா. ஆகலன்னா தோளோட நீயும் வீட்லயே இரு." கிடங்கில் எல்லாரும் சிரித்தார்கள். சுமைக்காரனும் சிரித்தான். சிரித்தபோது தோள் வலித்தது.

வழி சொன்னவன் மச்சினன். அவன் ஒரு குறியீட்டு அலுவலகத்தில் வாசல் காவல். வாசலில் நிற்கிறவனுக்கு உள்ளே நடப்பது எல்லாம் தெரியும் என்பது அவன் நம்பிக்கை.

"மெடிக்கல் கோடிங் மாமா. ஒருத்தனுக்குக் கால் உடையுது. டாக்டர் எழுதுறாரு. எங்க ஆளு அதைப் படிச்சு ஒரு எண் போடுறான். காப்பீட்டுக் கம்பெனிக்காரன் காலப் பாக்க மாட்டான், டாக்டரப் பாக்க மாட்டான், எண்ணைத்தான் பாப்பான். எண் இருந்தா பணம். எண் இல்லன்னா கால் உடையவே இல்ல."

"உடைஞ்ச கால் என்னாகும்?"

"அது அவன் சொந்த விஷயம் மாமா."

சுமைக்காரனுக்கு இந்தத் தர்மம் விளங்கவில்லை. ஆனால் மச்சினன் ஜன்னல் வழியாக ஒரு நாற்காலியைக் காட்டினான். அது விளங்கியது. முதுகு சாய்ந்தது, உருண்டது, கை வைக்க இரண்டு பக்கமும் கட்டை இருந்தது. கையைக் கட்டைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். அவன் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்தவன். அப்பா கிரேனுக்கு அடியில் போனபோது புத்தகத்தை வைத்துவிட்டுக் கொக்கியை எடுத்தவன். எலும்புகளின் பெயர்கள் அவனுக்கு மறக்கவில்லை. பாதி எலும்புகள் வலித்துக்கொண்டே இருந்ததும் ஒரு காரணம்.

மச்சினன் பழைய குறியீட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். சுமைக்காரன் அதை இடது கையால் பிடித்துப் படித்தான். படித்து முடித்து மேலாளரைப் பார்க்கப் போனான். மேலாளருக்கு மூக்கு ஒருமுறை உடைந்து கோணலாகக் கூடியிருந்தது.

"சான்றிதழ் இல்லாம அந்த நாற்காலில யாரும் உக்கார முடியாது."

"எந்தச் சான்றிதழ் சார்?"

"ரெண்டு வாரியம் இருக்கு. சரியானதைத் தேர்ந்தெடுங்க."

"எது சார் சரியானது?"

"தேர்ந்தெடுக்கத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்ல" என்றார் மேலாளர். பிறகு மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஹெல்மெட் இருந்தா போட்டுட்டுப் போங்க" என்றார்.

இரண்டு வாரியங்களும் ஒரே தெருவில் எதிரெதிரே இருந்தன. தெரு முனையில் ஆஸ்பத்திரி. இடப்பக்கம் வெளிநோயாளர் குறியீட்டு வாரியம்: காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களின் நோய் அதற்குச் சொந்தம். வலப்பக்கம் உள்நோயாளர் குறியீட்டு வாரியம்: படுக்கையில் சேர்ந்தவர்களின் நோய் அதற்குச் சொந்தம். இரண்டு கட்டடத்திலும் தெருவைப் பார்த்த ஜன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை. நடுவே கற்கள் கிடந்தன. தெருவில் இருந்த ஒரே கடை பஞ்சும் கட்டுத்துணியும் விற்றது. வியாபாரம் நன்றாக நடந்தது.

சுமைக்காரன் பக்கத்தில் இருந்த வாரியத்துக்குள் நுழைந்தான். தேர்ந்தெடுக்கும் முறை அவனுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

வெளிநோயாளர் வாரியத்தின் பரிசோதகர் மரியாதையான மனிதர். எழுந்து நின்று வணங்கினார். உட்காரச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சுமைக்காரன் சொல்லி வாயை மூடுவதற்குள் இடது கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"எண்?" என்றார்.

சுமைக்காரனுக்குக் காதுக்குள் லாரி ஓடியது. "எதுக்கு சார் அடிச்சீங்க?"

"காரணம் கேக்குறீங்க. நல்ல ஆரம்பம். வெளிக்காரணத்துக்குத் தனி எண் இருக்கு. முதல்ல காயம். உங்களுக்கு முன்னாடி வந்தவர் அம்மான்னு கத்தினார், அனுப்பிட்டேன். அடி வாங்கி அம்மான்னு கத்துறவன் நோயாளி. எண்ணைச் சொல்றவன் கோடர். ரெண்டு பேருக்கும் வலிக்கும். கோடருக்கு வலிக்கிறது எங்களுக்குத் தேவையில்ல."

சுமைக்காரன் எண்ணைச் சொன்னான். கன்னம், இடது பக்கம், மேலோட்டமான காயம், முதல் வருகை. வெளிக்காரணம் மனிதக் கை, இடம் அலுவலகக் கட்டடம் என்று சேர்த்துக்கொண்டான்.

பரிசோதகர் அதே கன்னத்தில் மறுபடி அறைந்தார். "இப்போ?"

"அதே காயம். தொடர் வருகை."

"தப்பு. ரெண்டாவது அடி புது அடி. அதுக்கும் முதல் வருகைதான். ஒவ்வொரு அடியும் எங்களுக்கு முதல் அடிதான். அந்தப் புத்துணர்ச்சியோடதான் நாங்க வேலை பாக்குறோம்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "பரவாயில்ல, பாஸ்."

பிறகு விதியை விளக்கினார். வாரியத்தின் முதல் பரிசோதகர் கொடுத்த அறை அது. வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுத்தார். அவர் அடுத்தவருக்கு. கன்னம் கன்னமாகக் கைமாறி இன்று இங்கே வந்திருக்கிறது. "இது வாரியத்தோட சொத்து. உங்ககிட்ட ஒப்படைச்சிருக்கோம். புதுசா வர்றவங்களுக்கு நீங்க குடுக்கணும். வலது கையால, இடது கன்னத்துல. பக்கம் மாறக் கூடாது."

"ரெண்டு குடுத்தீங்களே சார்?"

"ரெண்டாவது என் சொந்தக் கணக்கு. காலைல வீட்ல ஒரு பிரச்சினை."

சான்றிதழ் கனமான தாளில் இருந்தது. பெயருக்குப் பின்னால் சிவப்பு எழுத்தில் 'பழகுநர்' என்று ஒரு வால் இருந்தது.

"இந்த வாலை எப்படி சார் எடுக்கிறது?"

"அனுபவம் வேணும்."

"அனுபவம் எப்படி வரும்?"

"வேலை பாத்தா வரும்."

"வேலை யார் குடுப்பா?"

"வால் இல்லாதவங்களுக்கு எல்லாரும் குடுப்பாங்க." பரிசோதகர் யோசித்தார். "இல்லன்னா வாரியத்துக்குச் சேவை செய்யலாம். எனக்கும் மணிக்கட்டு வலிக்குது. பக்கத்துல நின்னு நாலு பேருக்கு நீங்க குடுத்தா வாலை நறுக்கிடலாம்."

மேலாளர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வால் இருக்கு. அதோட இது வெளிநோயாளி. எதிர்ல இருக்கிறதையும் எடுத்துட்டு வாங்க. ரெண்டும் இருந்தா வால் இருந்தாலும் கண்டுக்க மாட்டோம்."

"எதிர்ல எப்படி மாமா?" என்று வாசலில் கேட்டான் மச்சினன்.

"தெரியல. படி ஏறணும்னாங்க."

"ஏறுறது ஒண்ணும் இல்ல" என்றான் மச்சினன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

உள்நோயாளர் வாரியத்தில் தேர்வு மாடிப்படியின் உச்சியில் நடந்தது. விண்ணப்பித்தவர்கள் அங்கே வரிசையில் நின்றார்கள். வாரியத்தின் தலைவி கைத்தடியோடு ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சுமைக்காரனின் கன்னத்தில் பதிந்திருந்த விரல்களைப் பார்த்து முகம் சுளித்தார்.

"எதிர் வீட்டுக் கை. அறையெல்லாம் ஒரு நோயா? அறை வாங்கிட்டு டீ குடிக்கப் போயிடலாம். மனுஷன் படுக்கணும். படுத்தாத்தான் சேர்க்கை, சேர்ந்தாத்தான் மருத்துவம். எலும்பு உடையாதவனுக்கு இந்த உடம்பு மேல மரியாதை எங்கேர்ந்து வரும்? எங்க சான்றிதழ் வாங்கின ஒருத்தர்கூட நேரா நடக்கிறதில்ல. அது எங்களுக்குப் பெருமை."

அவனுக்கு முன்னால் நின்றவன் லாரி கிளீனர். தலைவி தடியால் அவன் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். அவன் உருண்டான். உருளும்போதே எண்களைச் சொல்லிக்கொண்டு போனான். முழங்கைக்கு ஒன்று. விலாவுக்கு ஒன்று. இடுப்புக்கு ஒன்று. பல் ஒன்று தனியாகப் படி இறங்கியது, அதற்கும் சொன்னான். கடைசிப் படியில் "கழுத்து" என்றான். பிறகு சத்தமில்லை.

தலைவி காத்திருந்தார். "உறுப்பைச் சொன்னான். எண்ணைச் சொல்லல. ஃபெயில்." கீழே இருவர் கிளீனரை ஓரமாக இழுத்துப் போட்டார்கள். "அடுத்தது."

"அம்மா, எனக்கு ஏற்கெனவே வலது தோள் போயிருச்சு" என்றான் சுமைக்காரன். "அதையே கணக்குல எடுத்துக்க முடியாதா?"

"எங்க போச்சு?"

"கிடங்குல. சுமை தூக்கி."

"எங்க படியில போகாத தோளுக்கு நாங்க எப்படிச் சான்று தர்றது?" என்றார் தலைவி. நியாயமாகத்தான் கேட்டார். பிறகு தள்ளினார்.

சுமைக்காரன் வலது தோளைக் காப்பாற்ற இடப்பக்கமாக உருளப் பார்த்தான். படி அதற்குச் சம்மதிக்கவில்லை. கைப்பிடிக் கம்பியில் தோள் மோதியது, அப்புறம் நெற்றி, அப்புறம் முட்டி. ஒவ்வொன்றுக்கும் எண்ணைக் கத்தினான். அந்த நாற்காலியை நினைத்துக்கொண்டு கத்தினான். கீழே வந்து விழுந்தபோதும் அவன் வாய் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. ரத்தம் வந்ததால் எண்கள் தெளிவாகக் கேட்கவில்லை என்று பிற்பாடு குறிப்பு எழுதப்பட்டது.

வாரியத்தின் வாசலில் ஸ்ட்ரெச்சர் எப்போதும் தயாராக இருக்கும். இருவர் அவனைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பின்னாலேயே தலைவி தடியை ஊன்றி விந்தி விந்தி வந்தார். எதிர்க் கட்டடத்திலிருந்து பரிசோதகர் இதைப் பார்த்துவிட்டு, தன் ஆட்களோடு குறுக்கே ஓடிவந்தார். ஸ்ட்ரெச்சர் ஆஸ்பத்திரி வாசற்படியில் பாதி உள்ளே பாதி வெளியே நின்றது.

"இவர் எங்க ஆளு" என்றார் பரிசோதகர். "எங்க அறை இவர்கிட்ட இருக்கு. இன்னும் சேர்க்கல. வெளிநோயாளி."

"தலை உள்ள இருக்கு" என்றார் தலைவி. "தலை எங்க போகுதோ அங்கதான் நோயாளி."

"கால் வெளிய இருக்கு. நடந்து போறது காலு. தலையா நடந்து போகும்?"

"இவன் இனிமே நடந்து போகப் போறதில்ல."

இந்தக் கொள்கை வேறுபாட்டைத் தீர்க்க, பரிசோதகர் சுமைக்காரனின் இடது கையைப் பிடித்துத் தெருப்பக்கம் இழுத்தார். தலைவி வலது கையைப் பிடித்து உட்பக்கம் இழுத்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். குறியீட்டுப் புத்தகங்கள் பறந்தன. அவை கனமானவை, கெட்டி அட்டை, கூரான முனை. மெல்லிய அட்டைப் பதிப்பை இரு வாரியங்களும் ஏன் பரிந்துரைப்பதில்லை என்பது அன்று எல்லாருக்கும் புரிந்தது. ஒருவனுக்குப் புருவம் கிழிந்தது. ஒருவன் இன்னொருவனின் காதைக் கடித்துக்கொண்டே அதற்கான எண்ணைச் சொன்னான். வாய் நிறையக் காது இருந்ததால் அதுவும் செல்லவில்லை.

சுமைக்காரனின் வலது தோளிலிருந்து ஈரச் சாக்கு கிழிகிற சத்தம் வந்தது. அவன் அன்று முதல்முறையாக எண்ணைச் சொல்லாமல் "அம்மா" என்றான்.

அந்தக் குரல் வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவிக்குக் கேட்டது. அவள் துடைப்பக் கட்டையோடு வந்தாள். வந்து பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"கைய விடுடா" என்றாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் பரிசோதகர், பிடியை விடாமல்.

கட்டை அவர் மண்டையில் இறங்கியது. திரும்பி வரும் வழியில் தலைவியின் மூக்கில் இறங்கியது. பரிசோதகர் உட்கார்ந்தார், தலையைப் பிடித்துக்கொண்டார், தொழில் பழக்கத்தில் "வெளிக்காரணம்..." என்று தொடங்கினார்.

"அதை நீயே போட்டுக்க" என்று சொல்லி இன்னொன்று வைத்தாள்.

டாக்டர் எல்லாரையும் பார்த்தார். பரிசோதகரின் மண்டைக் காயத்தைப் பக்கம் பக்கமாக எழுதினார்: எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், கட்டை எந்த மரம், ஈரமாக இருந்ததா, அடித்தவள் நின்ற இடம். தலைவியின் மூக்குக்குப் படம்கூட வரைந்தார். சுமைக்காரனின் தாளில் 'தோள். வலி.' என்று எழுதி, 'தசை கிழிந்திருக்கிறது, அறுவை செய்து தைக்கவேண்டும்' என்று சேர்த்தார்.

"டாக்டர், எந்தத் தோள்னு எழுதலையே" என்றாள் மனைவி.

"பாத்தாத் தெரியுதேம்மா."

"அவங்களுக்கு மட்டும் அவ்ளோ எழுதினீங்க."

"அவங்க வாரியத்துக்காரங்க, தப்பு கண்டுபிடிப்பாங்க. இவருது யார் படிக்கப் போறா?" என்றார் டாக்டர். அவர் நல்லவர். அவசரத்தில் இருந்தார்.

மனைவிக்கு அன்றே வேலை போயிற்று. காரணம் தெளிவாக எழுதப்பட்டிருந்ததால் மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

கை தொங்கியபடி சுமைக்காரன் வீட்டில் கிடந்தபோது இரு வாரியங்களும் சமாதானமாயின. வாசற்படியில் கிடந்தவன் இருவருக்கும் பாதி சொந்தம் என்று முடிவானது. தலைவி மூக்கில் கட்டோடு வந்து சான்றிதழை நீட்டினார். "புகார் கிகார்னு போகாதீங்க. தள்ளினது இழுத்ததெல்லாம் நடந்துச்சா இல்லையான்னு நாம யாரும் சொல்லக் கூடாது. டாக்டர் எழுதாதது நடக்கல. அதுதான் நம்ம தொழிலோட முதல் பாடம். நீங்களும் இப்போ நம்மாளு."

"ரெண்டு சான்றிதழ் மாமா" என்றான் மச்சினன். "எங்க மேலாளருக்கே ஒண்ணுதான் இருக்கு."

சுமைக்காரன் நாற்காலியில் உட்கார்ந்தான். முதுகு சாய்ந்தது. இடது கையை ஒரு கட்டைமேல் வைத்தான். வலது கையை இடது கையால் தூக்கி மறு கட்டைமேல் வைத்தான். வாழ்க்கையில் இப்படி ஒரு சுகம் உண்டென்று அவனுக்குத் தெரியாது. மேலாளர் முதல் ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். திறந்தான். 'தோள். வலி.'

"சார், இது என்னோடது."

மேலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "உறவுக்காரங்க ஃபைலை எடுக்கக் கூடாதுன்னு இருக்கு. உங்களுக்கு நீங்க உறவா?"

"இல்ல சார்."

"அப்போ பண்ணுங்க."

"இதுல பக்கம் எழுதல. வலதுன்னு போட்டுக்கவா?"

"டாக்டர் எழுதாததை நாம போடக் கூடாது. கேள்வி அனுப்புங்க. ஆனா பதிலைக் கேள்விக்குள்ள வைக்கக் கூடாது. 'எந்தத் தோள்'னு கேக்கலாம். 'வலது தோள்தானே'ன்னு கேட்டா ரெண்டு சான்றிதழும் போயிடும்."

சுமைக்காரன் இடது கையால் எழுதி அனுப்பினான்: எந்தத் தோள்? டாக்டரிடமிருந்து பதில் வந்தது: ஆம்.

மறுபடி அனுப்பினான். இடதா, வலதா, இரண்டுமா, தெரியவில்லையா? பதில் வந்தது: நோயாளியைப் பார்த்து முடிவு செய்துகொள்ளவும்.

"கோடர் நோயாளியைப் பாக்கக் கூடாது" என்றார் மேலாளர். "தாளைத்தான் பாக்கணும்."

தோள் அவன் கழுத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. வீங்கி, சட்டையை முட்டிக்கொண்டு, கொதித்துக்கொண்டு இருந்தது. சுமைக்காரன் கழுத்தைத் திருப்பாமல் தாளைப் பார்த்தான். மூன்றாவது கேள்விக்கு விதியில் இடமில்லை. 'தோள் தசைக் கிழிவு, பக்கம் குறிப்பிடப்படவில்லை' என்பதற்கு உரிய எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டான். வேலை சுத்தமாக இருப்பதாக மேலாளர் பாராட்டினார்.

காப்பீட்டுக் கம்பெனி அறுவைக்குப் பணம் மறுத்தது. எந்தத் தோளைத் தைப்பது என்று தெரியாத அறுவைக்கு அனுமதி தர இயலாது என்றது.

"அந்த எண்ணை எவன் போட்டான்?" என்று கேட்டாள் மனைவி.

"நான்தான் போட்டேன்."

அவள் கையிலிருந்த பாத்திரத்தைச் சுவரில் அடித்தாள். சுவர் பெயர்ந்தது. "உன் தோளுக்கு நீயே இல்லன்னு எழுதிட்டு வந்திருக்க."

"இல்லன்னு எழுதல. எந்தப் பக்கம்னு தெரியலன்னு எழுதினேன்."

"உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். கோடருக்குத் தெரியாது. வேற எண் போட்டா நாற்காலி போயிரும். உன் வேலையும் போச்சு, கிடங்கும் போச்சு. எதைத் தின்றது?"

அவன் தலைக்கு மேலே சட்டையைக் கழற்ற முடியாமல் நின்றதைப் பார்த்து, வந்து கழற்றிவிட்டாள். மெதுவாகக் கழற்றவில்லை.

வேலை நிலைக்க வேண்டுமானால் வாலை நறுக்கத்தான் வேண்டும் என்று மேலாளர் சில நாளில் மனம் மாறினார். சுமைக்காரன் வெளிநோயாளர் வாரியத்துக்குச் சேவை செய்யப் போனான். பரிசோதகர் மண்டையில் கட்டோடு அவனைத் தன் இடத்தில் நிறுத்தினார். முதலில் வந்தவள் செங்கல் சூளையில் வேலை பார்த்தவள்.

"எதுக்கும்மா வந்தீங்க?"

"இடுப்பு போச்சுண்ணே. உக்காந்து பாக்குற வேலைன்னாங்க. ரெண்டு பிள்ளைங்க இருக்கு." அவளுக்கு யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இடது கன்னத்தைக் காட்டினாள். கன்னம் துடித்தது.

"குடுங்க" என்றார் பரிசோதகர். "வலது கை, இடது கன்னம்."

"கை வரல சார்."

"எந்தக் கை?"

"டாக்டர் எழுதல சார்."

அந்தத் தொங்குகிற கையைப் பார்க்கப் போன பரிசோதகர், சட்டென்று கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் விதிக்குக் கட்டுப்பட்ட மனிதர். ஒரு கை வரவில்லை என்பது உண்மை. எந்தக் கை என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை. எந்தக் கை என்று தெரியாமல் கன்னத்தின் பக்கத்தை உறுதிசெய்ய முடியாது. அவர் தலைக் கட்டுக்குள் விரலை விட்டுச் சொறிந்தார்.

"அப்போ இவங்க?"

"கண்ணத் தொறம்மா" என்றான் சுமைக்காரன். "பாஸு. போ."

சூளைக்காரி ஒரு கண்ணை மட்டும் திறந்து இருவரையும் பார்த்துவிட்டு, மற்ற கண்ணைத் திறப்பதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

"வாரியத்தோட அறை?" என்றார் பரிசோதகர். "அது உங்ககிட்டயே நின்னு போச்சுன்னா என்ன பண்றது?"

"எங்கயும் போகல சார், என்கிட்ட பத்திரமா இருக்கு. அன்னிக்கு நீங்க சொந்தக் கணக்குல குடுத்ததும் இருக்கு. தோள் சரியாகட்டும்."

பரிசோதகர் இடது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்.

தோள் இன்னும் சரியாகவில்லை. பெயருக்குப் பின்னால் வால் அப்படியே இருக்கிறது. காலையில் சட்டையை மாட்டிவிடும்போது மனைவி கையை இழுத்துப் பார்த்து, "எவ்ளோ தூரம் வருது?" என்று கேட்கிறாள். மார்பு வரைக்கும் வருகிறது. கன்னத்துக்கு இன்னும் கொஞ்சம் வரவேண்டும்.

பரிசோதகருக்கு இரண்டு அறைகள் பாக்கி.